ஓகஸ்ட் டீசல்

யாருடைய வாகனத்தில் ஏறினாலும் அவர் முதலில் பார்ப்பது எரிபொருள் முள்ளைத்தான். ஆசனப் பட்டியை அதற்குப் பிறகுதான் மாட்டுவார். முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால், போகுமிடம் வரைக்கும் அவர் முகத்தில் வயிற்றுவலிக்காரியின் களை இருக்கும்.

“தம்பி, முன்னால வாற ஸ்டேஷனில ஒருக்கா நிப்பாட்டும்.”

“அரை டாங்க் கிடக்கு அன்ரி.”

“அரை டாங்க் எண்டால் வெறும் டாங்க்தான்.”

ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் யூனியன்வில்லில் இருக்கும் அவருடைய மகன் மின்சாரக் கார் வாங்கியபோது முதல் ஓட்டத்துக்குத் தாயைத்தான் ஏற்றினான். முள்ளைத் தேடினார். முள் இல்லை, திரையில் ஏதோ எண் எரிந்தது.

“உது முடிஞ்சால் ஒரு கானில கொண்டுவந்து ஊத்தேலுமோ?”

“ஏலாது அம்மா.”

“அப்ப எனக்கு பஸ் காணும், அதே போதும்” என்று இறங்கிவிட்டார். மகன் வீட்டு வாசலைக்கூட அந்தக் கார் தாண்டவில்லை.

நாங்கள் அவரை வான் அக்கா என்றோம். என்னைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் நானும் அக்கா என்றுதான் சொன்னேன். வாங்குகிறவனைவிடக் கொடுக்கிறவருக்கு எப்படியோ வயது கூடிவிடுகிறது.

அவரிடம் ஒரு பழைய டீசல் வான் இருந்தது. முன்பு ஒரு பூக்கடைக்காரருடையது. அதன் பக்கத்தில் வரைந்திருந்த ரோசாப்பூவை மேலே வெள்ளை பூசி மறைத்திருந்தார்கள். நல்ல வெயில் அடிக்கும் நாளில் மட்டும் பூ மெல்ல வெளியே வரும். அந்த வானில் மல்வேர்னிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு பிக்கரிங்கில் உள்ள ஒரு பாண் சுடும் தொழிற்சாலைக்குக் காலை ஷிஃப்டுக்குக் கொண்டுபோய் விடுவார். பஸ்ஸில் போவதென்றால் இரண்டு இடத்தில் மாற வேண்டும், இரண்டு இடத்திலும் காற்றில் நிற்க வேண்டும். நானும் அந்த வானில்தான் போனேன். ஊரில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவன், இங்கே அதே தொழிற்சாலையில் மா மூட்டைகளுக்குப் பொறுப்பாக இருந்தேன். பெண்கள் என்னை மாஸ்ரர் என்பார்கள். முன் ஆசனம் எனக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். என் பட்டத்துக்குக் கனடாவில் கிடைத்த மரியாதை அந்த முன் ஆசனம் ஒன்றுதான்.

அந்த ஆசனத்தில் இருந்து பார்த்தால் அவருடைய உலகம் முழுவதும் தெரியும். முன்பெட்டியைத் திறந்தால் செபமாலைக்குப் பக்கத்தில் ஒரு விபூதிப் பொட்டலம். அவர் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். “உது ஏன் உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“பூசாமல் ஓடிவாற பிள்ளையள் இருக்குதுகள் அண்ணை. பேந்து நாள் முழுக்க ஏதோ மறந்தமாதிரி இருப்பினம். கிடக்கட்டும்.”

‘கிடக்கட்டும்’ என்பது அவருடைய சொல். எதை எடுத்து உள்ளே வைத்தாலும் அதைச் சொல்லித்தான் வைப்பார். வானின் பின்பக்கத்தில் போர்வை, பிஸ்கட், சுடுநீர்ப் போத்தல், தகரப்பேணிக்குள் மெழுகுதிரி, தலையிடி மாத்திரை, டீசலை வடிகட்டும் மேலதிக வடிகள். இவற்றோடு ஒரு பை நிறையத் தனிக் கையுறைகள். பஸ் தரிப்பிலும் நடைபாதையிலும் யாரோ தவறவிட்டுப் போனவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். யாராவது கையுறை மறந்து வந்தால் இடக்கைக்குச் சிவப்பும் வலக்கைக்குச் சாம்பலுமாகக் கொடுப்பார்.

“இதென்னக்கா, சோடி இல்லையே?”

“உன்ர கையும் சோடியில்லைத்தான், ஒண்டு இடது, ஒண்டு வலது. போடு.”

வானில் இருந்தது வெறும் மாதிரி. உண்மையான களஞ்சியம் அவருடைய வீட்டுக்குப் பின்னால் இருந்த மரக்கொட்டில். எங்கள் வீடுகள் ஒரே வரிசையில் சுவர் ஒட்டியவை. எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு வீடுதான். அரிசி, உப்பு, நெருப்புப்பெட்டி, பெட்டி பெட்டியாக மெழுகுதிரி, கடைசியில் சுவரோரமாக மஞ்சள் கான்களில் டீசல். உப்பு முடிந்தால் எங்கள் வரிசையில் யாரும் கடைக்குப் போனதில்லை. கதவைத் தட்டினால் போதும். ஒருவரையும் ‘இல்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்பியதை நான் பார்த்ததில்லை. பொருள் உண்மையிலேயே கைவசம் இல்லாவிட்டால் “கொஞ்சம் நில்லுங்கோ, எடுத்துக்கொண்டு வாறன்” என்று பின்வழியால் போய் வேறு யாரிடமாவது வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பார்.

ஏன் இப்படி என்று அவர் ஒருமுறைதான் சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டு. போரின்போது வடக்குக்கு எரிபொருள் விடாத பொருளாதாரத் தடை இருந்த காலம். தகப்பனாருக்கு நெஞ்சுவலி. ஊரில் ஒரு லொறிக்காரரைக் கெஞ்சி, வீடு வீடாக அலைந்து, குப்பிவிளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயையெல்லாம் சேர்த்து ஊற்றிக்கொண்டு புறப்பட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியின் மதில் தெரியும் தூரத்தில் லொறி நின்றுவிட்டது.

“அரைப் போத்தல் அண்ணை. அரைப் போத்தல் கூடக் கிடந்திருந்தால் வாசலிலை போய் நிண்டிருக்கும். நாங்கள் அவரைக் கதிரையோட தூக்கிக்கொண்டு ஓடினனாங்கள். பாதி வழியில அவர் கேக்கிறார், ‘பிள்ளை, லொறிக்காரனுக்குத் தேத்தண்ணி குடுத்தனியோ?’ எண்டு.”

அதுதான் தகப்பனார் கடைசியாகக் கேட்ட கேள்வி. அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு முள்ளைப் பார்த்தார். முள் உச்சியில் நின்றது.

இந்தக் கதை எனக்குத் தெரிந்திருந்தது என்பதை வாசிப்பவர்கள் மறந்துவிடக் கூடாது.

இனி டீசல் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், வகுப்பு எடுக்கப் போவதில்லை. ரொறொன்ரோவில் குளிர் தொடங்கியதும் குளியலறையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் கட்டியாகிவிடுகிறதல்லவா? நாங்கள் எல்லோரும் அதைத் தரையில் உள்ள சூடுகாற்றுத் துவாரத்தின் மேல் வைத்துவிட்டுத்தான் பல் துலக்கப் போவோம். டீசலிலும் அதைப் போல மெழுகு கரைந்திருக்கிறது. கடும் குளிரில் அது உறைந்து வடியை அடைத்துவிடும். அதனால் எண்ணெய்க் கம்பனிகள் குளிர்காலம் வருமுன்னே உறையாத கலவைக்கு மாறிவிடுவார்கள். அவ்வப்போது நிரப்பிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இது தெரியவே வராது; தெரிய வேண்டிய தேவையுமில்லை. ஓகஸ்ட் மாதத்து டீசலைச் சேமித்து வைத்து ஜனவரியில் ஊற்றுகிற ஒருவருக்கு மட்டும்தான் அது வில்லங்கம். தடைக்காலத்தைத் தாண்டி வந்தவர்களைத் தவிர அப்படி யார் செய்யப் போகிறார்கள்?

அந்த ஜனவரியில் பெருங்குளிர் வருகிறது என்று வானொலியில் சொன்னார்கள். பின்னேரம் நான் குப்பைப் பையோடு வெளியே வந்தபோது அவர் வானுக்குப் பக்கத்தில் நின்று மஞ்சள் கானைச் சரித்துக்கொண்டிருந்தார்.

“நிரப்புறியளோ?”

“ஓம் அண்ணை. குளிருக்கு டாங்க் நிறையக் கிடக்கோணும் எண்டு ரேடியோவில சொல்லுறாங்கள். பின்னால கிடந்ததை எடுத்தன். ஓகஸ்டில வாங்கினது, பழுதாகேல்லைத்தானே?”

புனலுக்குள் இறங்கியதைப் பார்த்தேன். தெளிவாக இருக்க வேண்டிய டீசல் அரிசி கழுவிய தண்ணீர் போல மங்கலாக இருந்தது. அது என்னவென்று எனக்கு அந்த நொடியே விளங்கியது. இருபது வருடம் படிப்பித்த பாடம். “ஊத்தாதேங்கோ” என்று ஒரு சொல் போதும்.

“பழுதாகாது” என்றேன். பழுதாகாது என்பது பொய்யல்ல. பழுதாகாது, உறையும். குப்பைப் பையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஏன் சொல்லவில்லை? பல வருடம் பல காரணங்களை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இரவில் இயந்திரத்தைச் சூடாக வைத்திருக்கும் வயரை வானில் செருகித்தானே வைப்பார், ஒன்றும் நடக்காது என்று நினைத்தேன். குளிர் காதைக் கடித்தது. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். எல்லாம் சாட்டுத்தான். அதற்கு முதல் கிழமை எங்கள் வீட்டில் உப்பு முடிந்து, மனைவி என்னை அனுப்பி, வான் அக்கா உப்பைக் கோலித் தரும்போது “மாஸ்ரர் வீட்டில எப்பவும் ஏதாவது முடிஞ்சுகொண்டே இருக்கும்” என்று பகிடியாகச் சொன்னார். பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். எப்போதும் வாங்கிக்கொண்டிருப்பவனுக்குள் ஒரு கோபம் ஊறிக்கொண்டே இருக்கும். அவருக்கும் ஒரு நாள் ஏதாவது ஒன்று குறையட்டும் என்று அந்தக் கோபம் நினைத்தது. அவ்வளவுதான் காரணம்.

மறுநாள் காலை வான் நன்றாகவே கிளம்பியது. ஹைவேயில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் இருமியது. பிறகு காலை இழுத்து இழுத்து நடக்கிற மனிதனைப் போல ஓடியது. பிக்கரிங் கிட்டத்தில் ஓரமாக நின்றுவிட்டது. முள் மட்டும் உச்சியில், அசையாமல் நின்றது.

அவர் அந்த முள்ளைப் பார்த்த பார்வையை நான் பக்கத்திலிருந்து கண்டேன். “டாங்க் நிறையக் கிடக்கே” என்றார். என்னிடம் சொல்லவில்லை. வேறு யாரிடமோ சொல்வதுபோல் இருந்தது.

வானுக்குள் சூடு இறங்கத் தொடங்கியது. நான் பின்னால் திரும்பி, டீசலில் உள்ள மெழுகு பற்றி விளக்கத் தொடங்கினேன். வெப்பநிலை இறங்கும்போது மெழுகு எப்படிப் பளிங்காகிறது என்பதில் நான் இருக்கையில், பின்வரிசையில் இருந்த வாய்க்காரி ஒருத்தி கேட்டாள்:

“மாஸ்ரருக்கு உது இப்பதானோ ஞாபகம் வந்தது?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சும்மா கேட்டதுதான். ஆனால் அந்த வானில் அன்று கேட்ட ஒரே சரியான கேள்வி அது.

வான் அக்கா பின்கதவைத் திறந்தார். போர்வைகள் வந்தன. சுடச்சுட வெறும் தேத்தண்ணி வந்தது. மெழுகுதிரியைத் தகரப்பேணிக்குள் கொளுத்தி நடுவில் வைத்தார். பிஸ்கட் சுற்றி வந்தது. காற்று வானை உலுக்க, உள்ளே ஒரு சின்ன விருந்து நடந்தது. ஷிஃப்டுக்குப் பிந்தினால் அன்றைய வேலை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் யாரோ பாடத் தொடங்கினார்கள்.

ஒரு பெரிய ட்ரக் எங்களுக்கு முன்னால் ஓரம் கட்டியது. தலைப்பாகை கட்டிய பஞ்சாபிப் பையன் இறங்கி வந்து இயந்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“அன்ரி, சமர் டீசலா, கோடையிலே விற்கிறதா?”

அவர் தலையாட்டினார்.

“வடி அடைச்சுப் போச்சு. இந்தக் குளிரிலே இப்ப வடிக்கு எங்கே போவது?” என்று ஆங்கிலத்தில் அலுத்துக்கொண்டான்.

வான் அக்கா பின்னால் போய் வந்தார். “மூண்டு கிடக்கு. எது வேணும்?”

அந்தப் பையன் அவரைப் பார்த்த பார்வையில் வணக்கம் இருந்தது. தன்னிடம் இருந்த உறைவு நீக்கும் மருந்தைப் புதிய வடிக்குள் நிரப்பிப் பூட்டினான். அவர் அவனுக்கு முதலில் தேத்தண்ணி கொடுத்தார். அதற்குப் பிறகுதான் திறப்பைத் திருப்பி வானைக் கிளப்பினார். வான் இருமி இருமி ஹைவேயின் அடுத்த வெளிவழியில் இருந்த ஒரு கராஜ் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. சூடான அந்தக் கராஜுக்குள் அது பின்னேரம் வரை நின்று இளகியது. தொழிற்சாலையில் எங்களை அன்று உள்ளே எடுக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. பெண்கள் அதை மறுநாளே மறந்துவிட்டார்கள். மறக்க விடாமல் செய்தது நான்.

தேவாலய மண்டபத்தில் பொங்கல் விழா. “மாஸ்ரர், நாலு வார்த்தை பேசுங்கோ” என்றார்கள். மேடை கிடைத்தால் எனக்குப் பழைய வகுப்பறை திரும்பிவிடும். தை மாதத்தின் சிறப்பு, சூரியனின் சிறப்பு என்று தொடங்கினேன். கூட்டம் கொட்டாவி விட்டது. அப்போதுதான் அது என் வாயில் வந்தது.

“சூரியனை நாங்கள் கும்பிடுகிறோம். எங்கட வான் அக்கா ஒருபடி மேலே போனவர். ஓகஸ்ட் மாசத்து வெயிலைக் கானிலே பிடிச்சு வைச்சு, தையிலே வானுக்குள்ளே ஊத்தினவர். வெயில் வந்ததோ இல்லையோ, ஹைவேயிலே எங்களுக்கு விறைப்பு வந்தது!”

மண்டபம் குலுங்கியது. கொட்டாவி விட்டவர்கள் கதிரையில் நிமிர்ந்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அவர்தான். எழுந்து நின்று கையைக் காட்டி, “அண்ணை, திருப்பிச் சொல்லுங்கோ, பின்னால இருக்கிற ஆக்களுக்குக் கேக்கேல்லை” என்றார்.

நான் திருப்பிச் சொன்னேன். மெய்யாகவே திருப்பிச் சொன்னேன்.

அன்றிலிருந்து அவர் ‘ஓகஸ்ட் டீசல் அக்கா’. பிள்ளைகள் முகத்துக்கு நேரேயே கூப்பிட்டார்கள். அவரும் “ஓம் ராசா” என்று திரும்பிப் பார்த்தார். உப்புக்கு வருகிறவர்கள் “அக்கா, இது எந்த மாசத்து உப்பு?” என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார்கள். எல்லாம் அன்பான பகிடிதான். அன்பான பகிடிக்கு எதிராக ஒருவர் எப்படிக் கோபிப்பது?

பனி உருகியதும் ஒரு சனிக்கிழமை அவர் மரக்கொட்டிலைத் திறந்துவைத்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். கான்களை நகராட்சியின் கழிவு நிலையத்துக்கு ஏற்றினார். அரிசி கோயிலுக்குப் போனது. கையுறைப் பை எங்கே போனதென்று தெரியாது. நான் அவர் வீட்டு வேலியோரம் நின்று பார்த்தேன்.

“என்ன அக்கா, பெரிய துப்பரவு?”

“இப்ப எல்லாம் கடையில கிடக்குதுதானே அண்ணை. ஏன் சும்மா இடத்தை அடைப்பான்? இந்தாங்கோ, மெழுகுதிரி ஒரு பெட்டி கிடக்கு. கொண்டுபோங்கோ.”

“எனக்கேன் அக்கா? நீங்கள் இருக்கிறியள்தானே” என்றேன். பழக்கத்தில் வந்த சொல். சொன்ன பிறகுதான் இருவரும் அந்தக் காலியான கொட்டிலைத் திரும்பிப் பார்த்தோம். பெட்டி தேவாலயத்துக்குப் போனது.

சில வருடங்களில் வானை விற்றுவிட்டு மகனோடு இருக்க யூனியன்வில்லுக்குப் போனார். போன இலையுதிர்காலத்தில் தவறினார். நினைவுக் கூட்டத்தில் ஒரு இளைஞன் ஒலிவாங்கியைப் பிடித்து, “எங்கட ஓகஸ்ட் டீசல் அன்ரி” என்று கண்கலங்கப் பேசினான். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. “மாஸ்ரர், நாலு வார்த்தை” என்று என்னையும் கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்றேன். அந்த நாலு வார்த்தையைத்தான் இப்போது எழுதுகிறேன். மங்கலான டீசலைப் பார்த்தும் நான் வாய் திறக்கவில்லை. அரைப் போத்தல் கதை தெரிந்திருந்தும் அந்தப் பகிடியைச் சொன்னேன். கேட்டுக்கொண்டதும் இரண்டாம் முறையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்க எத்தனையோ வருடம் இருந்தது, கேட்கவில்லை.

ஆனால் நான் அடிக்கடி நினைப்பது நினைவுக் கூட்டத்தையல்ல. கொட்டில் காலியான அந்த வருடத்து மார்கழியை.

நத்தார்ப் பண்டிகைக்குக் கிட்ட ஐஸ் மழை பெய்தது. மரங்கள் கண்ணாடியாகி முறிந்தன; மின்கம்பிகள் அறுந்தன. எங்கள் வரிசை முழுவதும் இருட்டு. மாலை ஐந்து மணிக்கே ஒன்றும் தெரியவில்லை. கைத்தொலைபேசியில் மிச்சமிருந்த சக்தியை அவசரத்துக்கென்று பொத்திப் பிடித்துக்கொண்டு நானும் மனைவியும் இருந்தோம். கதவு தட்டுப்பட்டது. திறந்தேன். வான் அக்கா. தலையில் சால்வை, கையில் ஒன்றுமில்லை. அவரை என் வாசலில் வெறுங்கையோடு நான் அதற்கு முன் கண்டதேயில்லை.

“அண்ணை, ஒரு மெழுகுதிரி கிடக்கோ?”

அவருக்கல்ல. கடைசி வீட்டில் கைக்குழந்தையோடு புதிதாக வந்திருந்த பெண், யாரோ சொல்லி, அவருடைய கதவைத் தட்டியிருக்கிறாள். மெழுகுதிரி வேண்டுமென்றால் அந்த வீட்டுக்குப் போ என்று அவளிடம் சொன்னவர்களுக்குக் கொட்டில் காலியானது தெரியாது. அவர் அவளிடம் வழக்கம்போல, “கொஞ்சம் நில்லும் பிள்ளை, எடுத்துக்கொண்டு வாறன்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வரிசையில் எல்லாக் கதவும் தட்டியாகிவிட்டது. என்னுடையதுதான் மிச்சம்.

குசினிக்குள் போய் லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்துத் திறந்தேன். இல்லை என்று தெரிந்துகொண்டே திறந்தேன். அவர் வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்தேன்.

“இல்லை அக்கா” என்றேன்.

அந்தச் சொல்லை அவர் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. நான்தான் அவருக்குச் சொன்னேன். இருட்டில் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. பிறகு அவர்தான் சிரித்தார். எனக்காகச் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

“பரவாயில்லை அண்ணை. இருட்டு எக்கச்சக்கமாக் கிடக்கு. எல்லாருக்கும் காணும்.”

கைபிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, உறைந்த படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி, கடைசி வீட்டில் காத்திருந்த பெண்ணுக்கு ‘இல்லை’ என்ற அந்தச் சொல்லைச் சொல்லப் போனார்.